மார்க்கு வாத்தியார் போட்ட பன்னிரண்டு

பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து விற்கும் அவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'மார்க்கு வாத்தியார்'. எந்தப் பெட்டி வந்தாலும் வேகத்தைச் சோதித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று சாக்பீஸால் அதன் முதுகில் எழுதிவிடுவார். மனைவியின் சமையலே அறுபதைத் தாண்டியதில்லை. அதை அவர் சொல்லும்போது தெருமுனை வரை கேட்கும், குரல் அப்படி.

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை பார்க்கும் அக்காவுக்கு, அவசரத்துக்கு ஒரு பழைய பெட்டியைக் கொடுத்திருந்தார். கரண்ட்டை அதிகம் குடிக்காத சின்ன ப்ராசஸர், மார்க்கு பன்னிரண்டு. கூடப்பிறந்தவள் வீட்டில் இப்படியொரு சவலையா என்று மனசு உறுத்த, தொண்ணூறு வாங்கிய பெட்டியைத் தூக்கிப்போய் மாட்டினார்.

விசிறி உறுமியது. இரவுக் காவல் முடிந்து அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் கணவர், புரண்டு தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"முதல்ல இதை நிறுத்துடா. பழசையே மாட்டு," என்றாள் அக்கா.

"அது ஆமைக்கா!"

"நான் அடிக்கிற எழுத்து வருதில்ல? போதும்."

முணுமுணுத்தபடியே மாட்டினார். திரை வெளிச்சமானது, சத்தமே இல்லை. சூடாகாத ப்ராசஸர் என்பதால் அதற்கு விசிறியே கிடையாது. அது அவருக்குத் தெரிந்ததுதான். அந்த அமைதிக்கு மார்க்கு போடத்தான் தோன்றவில்லை. அக்கா வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து குறட்டை கேட்டது.

வாத்தியார் பெட்டியின் முதுகிலிருந்த பன்னிரண்டை உள்ளங்கையால் அழித்தார்.

"இப்போ எவ்வளவுடா?" என்றாள் அக்கா.

"மெதுவாப் பேசுக்கா," என்று கிசுகிசுத்தார். "மாமா முழிச்சுக்கப் போறாரு."