வியாகுலம் கடையில் நிற்காத பஸ்

வளைவுக்கு அப்பால் ஹோர்ன் சத்தம் கேட்டதும் வியாகுலம் தராசைக் கீழே வைத்துவிடுவார். பருப்பு பாதி நிறுவையில் கிடக்கும். வாங்க வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். கண்டக்டர் என்ன சொல்லிக் கத்துகிறான் என்பதை அவர் கேட்டாக வேண்டும். "நொண்டி கடை! நொண்டி கடை எறங்கு!" கேட்ட பிறகு தராசை எடுத்து, விட்ட இடத்திலிருந்து நிறுப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. வாயிலிருக்கும் வெற்றிலையை மட்டும் கொஞ்சம் வேகமாக மெல்லுவார்.

ஹட்டனிலிருந்து திம்புள்ளப் பக்கம் போகிற பாதையில் அவர் கடை. மேல்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான், பஸ் வரும்வரை அங்கேதான் பிளேன்டீ குடிப்பேன். கடைநெற்றியில் 'வியாகுலம் ஸ்டோர்ஸ்' என்று தமிழிலும் சிங்களத்திலும் அவரே எழுதிய பலகை இருக்கிறது. மழைக்கு வெளிறினால் உடனே மறுபடி பெயின்ட் அடித்துவிடுவார். அதை இதுவரை ஒரு கண்டக்டரும் வாசித்ததில்லை.

அவரும் தோட்டத்தில் பேர் பதிந்த ஆள்தான். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். தன் பெயரைக் கேட்டவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மலைக்குப் போவார். தேயிலைக் கொழுந்து ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்ததில் இவருடைய வலது காலை முழங்காலோடு எடுத்தார்கள். அதற்குப் பிறகு பெரட்டில் அந்தப் பெயர் கேட்கவில்லை. பெயரும் காலோடு போய்விட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. கடையில் உட்காரப் போட்ட வாங்கு ஒரு பக்கம் ஆடும். யாராவது "நொண்டி வாங்கு" என்றால், "கால் ஒண்ணு கட்டைங்க, பாத்து ஒக்காருங்க" என்பார். பால் கொண்டுவரும் அழகுமுத்துவுக்குக் காது கேட்காது. எல்லாரும் "ஏய் செவிடு" என்று அவன் முதுகுக்குப் பின்னால் கத்துவார்கள். இவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சுற்றிப்போய் அவன் முகத்துக்கு நேரே நின்று, "அழகுமுத்து, நாளைக்கு ரெண்டு போத்தல்" என்று விரலையும் காட்டுவார். இரண்டு போத்தல் பாலுக்கு இவ்வளவு நடையா என்று கேட்டேன். "பேரு சொல்லிக் கூப்புட்டா அவன் சிரிப்பாங்க, சேர்" என்றார்.

ஒருமுறை கண்டக்டரை நிறுத்தியே கேட்டார். அவனும் நல்ல பையன்தான். "மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டு சொல்றதில்ல, அண்ணே. எல்லாரும் சொல்றதுதானே" என்றான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

பிறகு கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்து ஐயா வந்து, வாசகசாலையில் கூட்டம் வைத்தார். வியாகுலத்தை முன் நாற்காலியில் உட்காரவைத்து, அவரைக் காட்டிக்காட்டியே பேசினார். "மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்லப் பழகுங்கள். சொல்லும் காயப்படுத்தும்." எல்லாரும் கை தட்டினோம். வெளியே வந்ததும் ஐயா கைத்தொலைபேசியில் டிரைவரைக் கூப்பிட்டார். "வேனை நொண்டி கடைக்குக் கிட்டக் கொண்டு வா." வியாகுலம் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்த நீளப் பேரும் எனக்கு வேணாங்க, சேர். ஞானஸ்நானத்துல வெச்ச பேரு ஒண்ணு சும்மாதானே கெடக்கு" என்றார்.

மகள் பெற்றீசியாவுக்கு ஹட்டனில் துணிக்கடை வேலை. அவள் தன் வீட்டு வாசலில் இறங்குவதேயில்லை. அடுத்த இறங்குமிடமான கோயிலடிக்கு டிக்கட் எடுத்து, மழையானாலும் மேடேறித் திரும்பி நடந்து வருவாள். வீட்டு வாசலில் இறங்கும் இடத்தின் பெயரை அவள் வாயால் சொல்ல முடியாது. தகப்பனுக்கு அது தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க நல்லதண்ணியிலிருந்து வந்தார்கள். "வியாகுலம் கடைன்னு கேட்டு எறங்குங்க" என்று இவர் போனில் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஒருவருக்கும் அப்படியொரு கடை தெரியவில்லை. கடைசி ஸ்டாண்ட் வரை போய், வேறு பஸ் பிடித்து, நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சேலையைப் பிழிந்தபடியே, "நொண்டி கடைன்னு சொல்லியிருந்தா நேரத்துக்கே வந்திருப்போமே. இதுல மறைக்க என்னா இருக்கு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பொறப்புலயே உள்ளதுங்களா? பரம்பரையா வருமா?"

"டிராக்டருங்க" என்றார் வியாகுலம். "டிராக்டரு பரம்பரையா வராதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். யோசித்து, ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரரோடு நிச்சயம் பண்ண வருவதாகப் போனில் சொன்னார்கள். போனை வைத்த தகப்பனிடம் பெற்றீசியா தலைநிமிராமல் சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவ பேசாம நொண்டி கடைன்னே சொல்லிருங்க. திரும்பவும் வழி தப்பிப் போயிட்டாங்கன்னா மறுபடி வரமாட்டாங்க."

மகள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டது அன்றைக்குத்தான். நான் டீ குவளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "வேணாம்மா. நானே ரோட்டுல போயி நிக்கிறேன். என்னையப் பாத்து எறங்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் பூசைக்குக் கட்டும் வேட்டியுமாக, பனிமூட்டத்தில் பாதையோரம் நின்றார். எத்தனையோ பஸ் வந்து போயிற்று. கடைசியில் அவர்கள் வந்த பஸ் வளைவில் திரும்பியது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு தூரத்திலேயே அவரைக் கண்டுவிட்டான். சந்தோஷம் தாங்காமல் உள்ளே திரும்பிக் கத்தினான்: "நல்லதண்ணி ஆளுங்க எறங்குங்க! இந்தா, நொண்டியே நிக்கிறாரு!"

ஜன்னலெல்லாம் தலைகள். கடைவாசலில் புதுச்சேலையோடு பெற்றீசியா.

வியாகுலம் ஊன்றுகோலைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, பெரட்டில் தன் பெயரைக் கேட்டவர்கள் தூக்குவதுபோல, மற்றக் கையை உயரத் தூக்கிக் காட்டினார்.