கிண்ணத்தில் ஒரு மடக்கு

மாசிலாமணி சைதாப்பேட்டையில் ஒரு மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கிற வேலை. குளித்தாலும் அந்தச் சாராய நெடி போகாது. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளித்து நகர்ந்து உட்காருவார்கள். "அது தொழில் வாசனைங்க, மனுஷன் தொடறதேயில்ல" என்று பழையவர்கள் சொல்லிவைப்பார்கள்.

ஒரு காலத்தில் தொட்டவர்தான். தொட்டவர் என்ன, அதிலேயே முழுகிக் கிடந்தவர். அந்த வெறியில் ஒருநாள் மனைவி கிருபையின் இடது கையை முறித்துவிட்டார். எலும்பு கோணலாகக் கூடியது. அதைப் பார்த்துத்தான் சபை முன்னால் அழுது, இனி ஒரு சொட்டும் இல்லை என்று சத்தியம் செய்தார். சொன்னபடி நடக்கவும் செய்தார்.

1948 கோடை. பட்டணத்துக்கும் மதுவிலக்கு வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. சபையில் சண்டை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தைக் காட்டி, அளவோடு குடித்தால் பாவமில்லை என்றது ஒரு கட்சி. மோந்து பார்ப்பதே பாவம் என்றது சபைப் பெரியவரான மூப்பர் யேசடியான் கட்சி. இரண்டு பக்கமும் வசனத்துக்குப் பஞ்சமில்லை. குடியால் கெட்டு மீண்ட மனிதரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூப்பர் அவரை எழுப்பி நிறுத்திச் சாட்சியாகக் காட்டுவதோடு சரி.

மூப்பர்தான் ஜெயித்தார். மாதம் ஒருமுறை எல்லோரும் ஒரே கிண்ணத்தில் ஒரு மடக்கு வாங்கும் நற்கருணைக்குப் புட்டி ஒயின் வேண்டாம், உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து எடுத்த ரசம் போதும் என்று முடிவாயிற்று. அந்த வேலை கிருபைக்கு வந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்று கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றவள் இப்போது முன்வரிசைக்கு வந்தாள்.

கத்திரி வெயிலில் பாதிரியாருக்குக் காய்ச்சல் கண்டு, நற்கருணை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. செய்துவைத்த ரசத்தைக் கொட்ட கிருபைக்கு மனம் வரவில்லை. கர்த்தருடைய மேசைக்கென்று வைத்ததைச் சாக்கடையில் ஊற்றலாமா? ஜாடியின் வாயில் துணியைக் கட்டி அப்படியே வைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு முழங்காலில் நின்று கிண்ணத்திலிருந்து ஒரு மடக்கு வாங்கியதுமே மாசிலாமணிக்குக் காது சுட்டது. ரசம் புளித்துப் போதையேறியிருந்தது. மூப்பர் கட்சிக்கு அது தெரிய நியாயமில்லை. அளவோடு கட்சிக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் எதற்கு வாயைத் திறக்கிறார்கள்?

வெளியே வந்ததும் மூப்பரம்மா கிருபையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தபா ரசம் ரொம்ப நல்லா இருந்துச்சு! இன்னா பண்ணே?"

"ஒரு வாரம் வச்சிருந்தேம்மா."

"இனிமே அப்படியே பண்ணு."

மாதாமாதம் அப்படியே ஆயிற்று. ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் மாசிலாமணியின் கால்கள் கள்ளுக்கடைத் தெருப் பக்கம் இழுத்தன. ஒருநாள் கடை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். பட்டறைத் தச்சர் ஷரீஃபிடம் சொல்லி அழுதார்.

"எங்கள்ல ஒரு சொட்டுனாலும் ஹராம், தீந்துச்சு. பாதிரி கைல சொல்லிடு நைனா."

"சபைக்கே சாராயம் ஊத்துனவன்னு கிருபைய நாறடிச்சிடுவாங்க. இப்பத்தான் தலை நிமிந்து நடந்துகினு கீறா."

"அவ கைல மட்டும் சொல்லேன்."

"அந்த நிமிசமே ஓடிப்போய் பாதிரி கால்ல வுழுவா. மறைக்கத் தெரியாது அவளுக்கு. புதுசா பண்ணேன்னு கேட்டும் பாத்துட்டேன். மூப்பரம்மா சொன்னதுதான் சட்டம்ன்றா."

"அப்ப எய்ந்து போவாத. குந்திக்கினு இரு."

அதுதான் முடியாத காரியம். நற்கருணைக்கு எழாதவன் ஏதோ பாவத்தில் இருக்கிறான் என்பது அந்தச் சபையில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அடுத்த முறை வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தபோது மாசிலாமணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைகள் திரும்பின. பின்னால் யாரோ மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. இந்த முறை தொழில் வாசனை என்று ஒருவரும் சொல்லவில்லை. கிண்ணத்தில் வாங்கிவிட்டுத் திரும்பிய கிருபை அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

இல்லையென்றால், ஏன் எழுந்து வரவில்லை என்பாள். ரசத்தைச் சொன்னால் அந்த நிமிஷமே பாதிரி வீட்டுக்கு ஓடுவாள்.

"ஆமா" என்றார்.

கிருபை ஓரடி பின்னால் போய், இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.