டவர் அக்கா தனியே பறந்த காலை

அந்தச் சின்ன விமான நிலையத்தில் அவளுக்குப் பெயரே டவர் அக்காதான். இருபது வருடத்துக்குப் பக்கமாக, உயரத்தில் இருக்கிற கண்ணாடி அறையில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்த விமானம் ஏறலாம், எது இறங்கலாம், எது கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவள். கணீரென்ற குரல். அவள் அதட்டினால் புதிதாகப் பறக்கப் பழகுகிறவர்களுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவளுக்கு எரிச்சல் வருவதெல்லாம் ஒரே விஷயத்துக்கு. கேட்ட கேள்விக்குப் பட்டென்று பதில் வர வேண்டும். வராவிட்டால், "தூங்கிட்டீங்களா அங்க?" என்று ரேடியோவிலேயே கேட்டுவிடுவாள்.

அப்படி ஒரு காலத்தில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒருவன்தான் இப்போது பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். அவளைவிடப் பத்து வயது இளையவன். மாணவனாக இருந்தபோது தப்பான வழியில் திரும்பி, விமானத்தை நேராகத் தீயணைப்பு வண்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன். அன்று அவள் விட்ட டோஸை அவனே இன்னமும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பான். அவன்தான் ஒருநாள் மாடிப்படியில் மடக்கி, "வர்றவன் போறவனுக்கெல்லாம் வழி சொல்றீங்களேக்கா, ஒருநாள் மேல வந்துதான் பாருங்களேன்" என்றான்.

போனாள். அரை மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கினாள். ஹெட்செட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நாப்பத்திமூணு வயசுல சேத்துப்பீங்களா?" என்று கேட்டாள்.

"மெடிக்கல்ல பாஸானா அறுபதுலயும் சேத்துப்போம்க்கா."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பல்செட் செய்கிறவர். முன்னறையில் வரிசையாக மெழுகு ஈறுகளும் பிளாஸ்டர் தாடைகளும் காய்ந்துகொண்டிருக்கும். கை அவ்வளவு நிதானம். கால்தான் தரையை விட்டு எழும்பக் கூடாது. ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பல்பு மாற்றுவது அவள்தான். கையிலிருந்த பல்லை உப்புத்தாளில் ரெண்டு தேய் தேய்த்துவிட்டு, "உனக்குப் பிடிச்சிருந்தா போ. என்னை வந்து பாக்கச் சொல்லாதே. அவ்வளவுதான்" என்றார்.

ரேடியோப் பேச்சு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. வானிலை, காற்றின் திசை எல்லாம் அத்துப்படி. காலில்தான் சிக்கல். தரையில் ஓடும்போது விமானத்தின் மூக்கை நேராக வைத்துக்கொள்ள இரண்டு பெடல்களை மாறி மாறி மிதிக்க வேண்டும். அவளோ பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் கையாலேயே சமாளிக்கப் பார்ப்பாள். விமானம் குடித்தவன் மாதிரி இங்கும் அங்கும் அலையும். வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் செருப்பு இரண்டையும் சுவரோரம் சாய்த்து வைத்து மிதித்து மிதித்துப் பழகினாள். "அம்மா, அது ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போற செருப்பு" என்று மகள் கத்தினாலும் காதில் விழாது. சில வாரங்களில் கால் வழிக்கு வந்தது.

அன்று காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆசிரியரோடு மூன்று முறை ஏறி இறங்கினாள். மூன்றாவது முறை இறங்கியதும், "ஓரமா நிறுத்துங்க" என்றான் அவன். விமானத்துக்குள் இருக்கும்வரை அவள் அவனை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் சார், ஏதாவது தப்பாயிடுச்சா?"

"தப்பே இல்ல. அதான் நான் இறங்கிக்கறேன். ஒரே ஒரு சுத்து. இறங்கும்போது மனசுக்கு ஒப்பலைன்னா இறங்காதீங்க, மேல போயிடுங்க. பெட்ரோல் தாராளமா இருக்கு."

காலி இருக்கையின் பெல்ட் ஆடாதபடி மாட்டினான். கதவைச் சாத்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் புல்தரையை நோக்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிப் போனபின் வீடு நம் கைக்குத் திரும்பி வருமே, அந்த மாதிரி ஒரு நிம்மதிதான் வந்தது. டவரில் அன்று இருந்தவர், அவளோடு வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்காரர். எதற்கும் பதறாத மனிதர். "புறப்படலாம், மேடம்" என்றார்.

பக்கத்தில் ஆள் இல்லாததால் விமானத்துக்குக் கனம் குறைந்திருந்தது. அவள் நினைத்ததற்கு முன்பே வெடுக்கென்று தரையை விட்டு எழும்பியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கேட்க ஒருவரும் இல்லை என்பதால் இன்னொரு முறையும் சிரித்தாள்.

இடப்பக்கம் திரும்பி, ரன்வேக்கு இணையாகப் பறக்கும்போது டவர் கண்ணில் பட்டது. மேசைமேல் வைத்த மிளகுத்தூள் டப்பா அளவுதான் இருந்தது. 'இதுக்குள்ள உக்காந்துகிட்டா இத்தனை வருஷம் எல்லாரையும் அதட்டினோம்!' என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

திரும்பி ரன்வேக்கு நேரே வந்தாள். இப்போது அனுமதி கேட்க வேண்டும். பொத்தானை அழுத்தினாள். வாய் தன் பாட்டுக்குப் பழைய வேலையைப் பார்த்தது: "ரன்வே காலியா இருக்கு, நீங்க இறங்கலாம்."

ரேடியோ ஒருமுறை கரகரத்தது. பிறகு, சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் குரல் வந்தது. "மேடம், அத நான் சொல்லணும்."

"சொல்லுங்க சார்."

"ரன்வே காலி. நீங்க இறங்கலாம்."

நல்லபடியாகத்தான் வந்தாள். ஆனால் அந்தக் கனமில்லாத விமானம் இறங்க மாட்டேன் என்றது. தரைக்கு ஒரு ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போனது. ரன்வேயில் பாதி பின்னால் போய்விட்டது. சக்கரம் இன்னும் தரையைத் தொடவில்லை. டவரில் இருக்கும்போது, இறங்க வந்தவர் இறங்காமல் மறுபடி ஏறினால் 'ப்ச், சொதப்பிட்டான்' என்று உச்சுக்கொட்டுகிறவள் அவள். அதெல்லாம் இப்போது நினைவுக்கே வரவில்லை. கை தானாக எஞ்சின் விசையை முழுக்க உள்ளே தள்ளியது.

"மறுபடி மேல போறேன்" என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

"சரி மேடம்."

இரண்டாவது சுற்றில் வேகத்தை முன்கூட்டியே குறைத்தாள். தரை நெருங்கியதும் பார்வையை ரன்வேயின் அந்தக் கோடியில் வைத்தாள். பின்சக்கரங்கள் கீச்சென்றன. கொஞ்சம் பொறுத்து மூக்குச் சக்கரமும் இறங்கியது. கால்கள் இரண்டும் சொன்னபடி கேட்டன. விமானம் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடி வேகம் குறைந்தது. "எந்தப் பக்கம் திரும்பப் போறீங்க மேடம்?" என்று டவர் கேட்டது. அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை. கண்ணாடிக்காரர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "இடது பக்கம்" என்றாள்.

எஞ்சினை நிறுத்தி இறங்கியதும் ஆசிரியர் வந்து நின்றான். "முதல் தடவை ஏன்க்கா மேல போனீங்க?"

"இறங்கியிருக்கலாம் தம்பி. பிரேக்க அழுத்தி எப்படியோ நிறுத்தியும் இருப்பேன். ஆனா எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கல!" என்று அவன் சிரித்தான். "நீங்க அப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுதான் தனியா விட்டேன். சரி, அங்க வேலிப்பக்கம் போங்க. உங்களுக்காக ரெண்டு பேர் காத்துட்டிருக்காங்க."

முதல்நாள் சாயங்காலமே அவன் அவள் கணவருக்கு போன் போட்டிருக்கிறான். "நாளைக்குத் தனியா விடலாம்னு இருக்கேன் மாமா. அக்காகிட்ட மூச்சு விடாதீங்க." மனிதர் யாருக்கோ பல்செட் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மகளோடு வந்திருந்தார். கம்பி வேலிக்கு வெளியே, ரன்வேக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விரல்களில் பிளாஸ்டர் தூள் அப்படியே இருந்தது.

"அப்பா பாக்கவே இல்லம்மா" என்றாள் மகள். "நான்தான் ஒவ்வொண்ணா சொல்லிட்டே இருந்தேன். நீ இறங்காம மேல போனப்போ, 'அம்மா திரும்ப மேல போறாங்கப்பா'ன்னேன். அப்படியே மண்ணுல உக்காந்துட்டார்."

அவர் மெதுவாகத் திரும்பினார். "இறங்கிட்டியா?"

"உங்க எதிர்லதான் நிக்கறேன்."

அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். ஏதாவது குறைகிறதா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கம்பி இடைவெளியில் விரலை விட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "அதான் பறந்தாச்சே. இதோட போதும்தானே?"

"நாளைக்குக் காலைல இன்னொரு வகுப்பு இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப நாளைக்கும் வரணும்" என்று மகளிடம் சொன்னார். "நீ நாளைக்கும் லீவு போட முடியாதுல்ல?"

"முடியாதுப்பா. நீங்களேதான் பாக்கணும்."

மூவரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். மதியம் அவளுக்கு டவரில் வேலை இருந்தது. முகம் கழுவிக்கொண்டு நேரத்தோடு கிளம்பினாள்.