திருச்சி விமானத்தில் ஒரே ஒரு சீட்டு

சில வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். ஆலங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"உங்க கணவருக்குப் பொருந்துற கிட்னி கிடைச்சிருக்கும்மா. மதியத்துக்குள்ள வந்துர முடியுமா? இல்லேன்னா வரிசையில அடுத்தவங்களைக் கூப்பிடணும்."

வருடக்கணக்காக அவர் புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். இந்த போனுக்காகத்தான் காத்திருந்தோம். "வந்துர்றோம்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை. காரில் போனால் ஏழு மணி நேரம் ஆகுமே!

என் தம்பிதான் துள்ளினான். "ரோட்டை நம்பாத அக்கா. திருச்சியில ஏறுனா ஒரு மணி நேரத்துல மெட்ராஸு. கெளம்பு!"

மாற்றுச் சேலைகூட எடுக்கவில்லை. தம்பி காரை விரட்டினான். கீரனூர் தாண்டும்போது போனில் பார்த்தால், அந்த விமானத்தில் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. அதை அவருக்குப் போட்டோம். எனக்கு ஏர்போர்ட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த விமானம் சாயங்காலம்தானாம். அவரோ பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவர். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவும் ஆள் வேண்டும்.

"நான் தனியா போயிக்கிறேன்" என்றார். சொல்லும்போதே கவுன்டரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. அங்கேயே நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர், பெட்டி எடை விஷயமாகக் கேட்க வந்து நின்றிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் குழந்தைத் துணிகள் வாங்கிய பை.

"எந்த ஊரும்மா?"

"ஆலங்குடிங்க."

"எனக்குக் கோட்டைப்பட்டினம்." உடனே கவுன்டர் பக்கம் திரும்பினார். "நானும் இதே பிளேனுதான். என் சீட்டைக் கேன்சல் பண்ணி, இந்தத் தங்கச்சிக்குப் போட்டுக் குடும்மா."

நான் குறுக்கிட்டேன். "ஒங்களுக்கு என்ன அவசரமோண்ணே..."

"மெட்ராஸுல எம் மகளுக்குக் காலையில ஆம்பளப்புள்ள பொறந்திருக்கு. பேரன் எங்கயும் ஓடிற மாட்டான். நான் பஸ்ஸுல போயிப் பாத்துக்கிறேன். நீங்க ஓடுங்க!"

ஓடினோம். சக்கர நாற்காலியில் அவர், பின்னால் நான். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் நான் இழுத்துக்கொண்டிருக்க, அவர் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மேகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் சென்னை வந்துவிட்டது என்றார்கள்.

மதியத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து, "சிறுநீர் இறங்க ஆரம்பிச்சிடுச்சும்மா" என்றார். யாராவது இதற்குப்போய்க் கைதட்டுவார்களா? நான் தட்டினேன். அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் என்னோடு சேர்ந்து தட்டினார்கள்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த அண்ணனிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. கோட்டைப்பட்டினத்துக்கு இரண்டு முறை போய் விசாரித்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேரனின் முகத்தை அவர் எப்போது போய்ப் பார்த்தாரோ, தெரியாது. ஆனால் அவர் தள்ளிப்போட்ட அந்தச் சில மணி நேரத்தைத்தான் என் கணவர் இன்று வருடங்களாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.