அறுபத்தோராவது படம்

இருபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் என் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் கணிதத்தில் எம்.ஃபில். படித்தேன். எந்த வரைபடமானாலும், பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறம் ஆகாமல் தீட்ட நான்கு வண்ணம் போதும் என்பதைக் கணினி வைத்து நிரூபித்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. அந்த நிரூபணம் ஒரு பெரிய வீடு என்றால், அதன் ஒரு மூலையைத்தான் நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பத்தெட்டுச் சிறு படங்கள். ஒவ்வொன்றிலும் வெளிவட்டத்துக்கு எப்படி வண்ணம் கொடுத்தாலும் உள்ளே நான்கு வண்ணத்தில் அடைக்க முடியும் என்று காட்ட வேண்டும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் கணினி அறைக்குள் போக வேண்டும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். நான் எழுதிய நிரல் நூற்று நாற்பத்தெட்டையும் முடித்துத் தந்தது.

என் வழிகாட்டி கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். கணினி அச்சடித்துத் தந்த, ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத் தாள் கட்டை அவர் தொடக்கூட இல்லை.

"மெஷின் பண்ணினது ப்ரூஃப் ஆகுமோ? ஒரு மனுஷன் வரி வரியா வாசிச்சு சரின்னு சொல்லணும். அதாக்கும் ப்ரூஃப். எல்லாத்தையும் கையால எழுதிக் கொண்டுவா."

சாலைக் கடைத்தெருவில் நாலு வண்ணப் பென்சில் வாங்கி, நாலு மாதம் எழுதினேன். விரல் காய்த்துப்போனது. கொண்டுபோனால், கட்டு பெரிதாக இருக்கிறதாம். பென்சிலை எடுத்து அங்கங்கே பக்கம் பக்கமாக அடித்தார். அறுபத்தோராவது படத்தின் வலது பாதியை முழுக்க அடித்துவிட்டு ஓரத்தில் 'சிமிலர்லி' என்று எழுதினார். இடது பாதியைப் போலவே இதுவும் என்று அர்த்தம். கணக்குக்காரர்களுக்குச் சலிப்பு வந்தால் கைக்குத் தானாக வரும் வார்த்தை அது.

"சார், வலது பக்கம் வேற மாதிரி. இடது பக்கம் இந்த ரெண்டு நாடும் ஒரு புள்ளியில மட்டும்தான் தொடுது. வலது பக்கம் நடுவுல ஒரு சின்ன எல்லைக்கோடு இருக்கு."

"கண்ணாடியில பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், கேட்டியா?"

அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் அறுபத்தொன்றில் நின்றார். "சிமிலர்லின்னு எழுதியிருக்கீங்களேம்மா, போர்டுல கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

இடது பக்கத்தை அப்படியே திருப்பி வரைந்து தீட்டினேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் தீட்டினேன். எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் பச்சை. சாக்பீஸைக் கீழே வைத்தேன். திருத்தி மறுபடி கொடுக்கச் சொன்னார் மதுரைக்காரர்.

வழிகாட்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நான் அப்பவே சொன்னேன், எல்லாத்தையும் முழுக்கச் செக் பண்ணுன்னு. மெஷினை நம்பி இந்தப் பொண்களுக்கெல்லாம் மடி வந்தாச்சு."

மடியாம், சோம்பலாம்! அவர் பென்சில் குறி போட்ட பிரதி என் பைக்குள் இருந்தது. எடுத்து மேசைமேல் வீசியிருக்கலாம். திருத்திக் கொடுக்கும்போதும் இதே ஆளின் கையெழுத்துத்தானே வேண்டும் என்று பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிரல் அறுபத்தோராவது படத்தின் இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்திருந்தது. அதற்குச் சலிப்பு வராது, மேதாவித்தனமும் கிடையாது. தம்பானூர் பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாதக் கடைசி போனது, வேலையும் போனது. அறுபத்தோராவது படத்தின் வலது பாதியை மூன்று பக்கத்தில் முழுதாக எழுதி, புது அட்டை போட்டு, மறுபடி கொண்டுபோனேன். இந்த முறை அந்தப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு சேர்த்திருந்தேன்: 'முந்தைய வடிவில் இங்கிருந்த சிமிலர்லி வழிகாட்டி தம் கையால் எழுதியது, அது தவறு. கணினி செய்தது சரி.'

கட்டை அவரிடம் நீட்டினேன். படித்தால் கிழித்துப் போடுவார், பட்டமும் போகும். போகட்டும், ஒரு தடவையாவது இந்த மனிதர் படிக்கட்டும் என்றிருந்தது.

முதலில் நன்றிப் பக்கத்தைத் திறந்தார். தன் பெயரை இரண்டு தடவை படித்தார். பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று சேர்க்கச் சொன்னார். பிறகு நேராகச் சான்றிதழ்ப் பக்கத்துக்குப் போய், பேனா மூடியைக் கழற்றினார்.

'இந்த ஆய்வேட்டை முழுவதும் படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று ஊதியும் கொடுத்தார்.