பத்துக் கோடியே ஒன்று

சுத்துக்கேணி சிங்காரவேலு பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர். அதன்பிறகு இருபத்தாறு வருடமாகக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார். ஆலை வாசலில் எடை போட ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் சீட்டாடுவார்கள். இவர் ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து வகுத்துக்கொண்டிருப்பார்.

வகுத்தது ஒரே எண்ணை. பத்துக் கோடியே ஒன்று. இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் ஏழு சுழி. இது எதற்கும் அடங்காத பகா எண் என்று அவர் மனதில் எப்படியோ விழுந்துவிட்டது. ஏழால் வகுத்தால் மூன்று மீதி, பதினொன்றால் இரண்டு, பதிமூன்றால் பத்து. பத்தாயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினாலே பத்துக் கோடி ஆகிவிடுகிறதே. செல்போனில் தட்டிப் பார்க்கச் சொன்னால், "அப்புறம் அது என் கணக்கு இல்லியே" என்பார். நான்கு அரவைப் பருவம், ஆறு நோட்டு.

"இன்னா சிங்காரம், இன்னுமா வகுக்கிற? நாங்க அண்ணந்தம்பி அஞ்சு பேரு அதுக்குள்ள பாகமே பிரிச்சிக்கினோம்பா" என்பார் பக்கத்து வண்டி முத்துசாமி.

கணக்கில் தோற்றவன் என்ற பேர் போகவேண்டும், அதுவும் ஒன்பதாவது படிக்கும் மகள் இளவரசி முன்னால். சிங்காரவேலுவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முடித்ததும் நோட்டுகளை அவளுடைய கணக்கு வாத்தியார் அரிகரனிடம் கொண்டுபோனார். ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அரிகரன் முதல் பக்கத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கணித விழாவுல நீயே மேடையேறி சொல்லுடா."

விழாவில், அது பகா எண்தான் என்று சிங்காரவேலு சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அரிகரன் மைக்கை வாங்கினார்.

"இளவரசி, போர்டுக்கு வா. உங்கப்பா நம்பர பதினேழால வகு."

பதினேழு சிங்காரவேலு தொடாத எண். வண்டி நம்பரைக் கூட்டி எட்டு வந்தால் அவருடைய முதலாளி நாகராஜன் அந்த வண்டியையே எடுக்கமாட்டார். எட்டு வண்டி வீடு திரும்பாது என்பது ஓட்டுநர்களின் பேச்சு. ஒன்றும் ஏழும் எட்டு. கூட்டினால் எட்டு வரும் எண்களை எல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் சிங்காரவேலு வகுத்திருந்தார்.

இளவரசி விறுவிறுவென்று போட்டுக்கொண்டு வந்தாள். ஐந்துக்குப் பக்கத்தில் கடைசி ஒன்று இறங்கி ஐம்பத்தொன்று ஆனது. சாக்பீஸ் நின்றது.

"மீதி எவ்ளோம்மா?"

"ஒண்ணு, சார்."

"மூணு பதினேழு எவ்ளோ? சத்தமா சொல்லு."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சுழின்னு போடு கண்ணு" என்றார் சிங்காரவேலு.

அவள் போட்டாள். மேலே விடை ஐம்பத்தெட்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்து மூன்று என்று நின்றது.

"பதினேழ ஏங்க உட்டீங்க?" என்றார் அரிகரன் மைக்கில், மேடை மரியாதையோடு.

"கூட்டுனா எட்டு வருது சார்."

கூடம் வெடித்துச் சிரித்தது. "கணக்குக்கு ராகு காலமும் பார்த்தீங்களா?" என்றார் அரிகரன். மறுபடி சிரிப்பு.

கூட்டம் கலைந்தபின் சிங்காரவேலு நோட்டுகளைக் கேட்டார்.

"கண்காட்சியில ரெண்டு நாள் இருக்கட்டும்டா." அரிகரன் ஓர் அட்டையை இளவரசியிடம் நீட்டினார். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். ‘தவறான முறை’ன்னு பெருசா எழுதி ஒட்டு."

அவள் எழுதினாள். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அப்பா கோந்து டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.