காயில் மாற்றிய மத்தியானம்

என் அக்காவின் கணவர் கார் மெக்கானிக். அத்தானுக்குக் கதை கட்டத் தெரியாது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரி செத்துவிட்டது என்றுகூடச் சொல்லமாட்டார். அவருக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

வீட்டுக்குப் பின்னால்தான் அவருடைய ஷெட். அன்று ஒரு பழைய பெட்ரோல் கார் வந்திருந்தது. போன மாதம்தான் வாங்கினேன், ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்று சொல்லி விட்டுப்போனார் அதன் சொந்தக்காரர். இக்னிஷன் காயில்மேல் அத்தானுக்குச் சந்தேகம். அது சரியாக இருந்தால்தான் பிளக்கில் நெருப்புப் பொறி வரும். பொறியை அவர் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஒருவர் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். எப்போதும் அக்காதான் அடிப்பாள்.

காரின் முகம் சுவரைப் பார்த்து நின்றது. அத்தான் இரண்டுக்கும் இடையில் நின்று, பானெட்டைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்தார். வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் வந்து ஸ்டார்ட் அடி."

செருப்புச் சத்தம். கார்க் கதவு திறந்து மூடியது. சீட்டு கிறீச்சிட்டது. தூக்கிய பானெட் மறைத்ததால் ஆள் தெரியவில்லை.

"அடி."

எஞ்சின் சுற்றியது. பொறி இல்லை.

"போதும்."

சட்டென்று நின்றது.

காயிலைக் கழற்றி மீட்டர் வைத்தார். முள் அசையவே இல்லை. அலமாரியில் இருந்த புதுக் காயிலை எடுத்து மாட்டினார். பிளக்கையும் திரும்பப் போட்டு முறுக்கினார். அக்கா சும்மா உட்காருகிற ஆள் இல்லை, ஊர்க்கதை ஓடும். இன்று ஒரு வார்த்தை இல்லை.

"என்ன, என்மேல கோவமா?"

சீட்டு மட்டும் ஒருமுறை கிறீச்சிட்டது.

கடைசி நட்டை முறுக்கும்போது கை சில்லிட்டது. வெளியே நல்ல வெயில்.

"நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துக்கோ."

"ம்..."

கடக்.

கியர் விழுந்த சத்தம். அத்தானுக்குத் தெரியாத சத்தமா அது...

அப்போது வாசல் கேட்டில் ஒரு குரல்.

"என்னங்க, கேட்டைத் திறங்க. ரெண்டு கையிலயும் பை இருக்கு."

அக்கா.

அத்தான் யோசிக்கவில்லை. பக்கவாட்டில் பாய்ந்தார்.

அவர் அடி என்று சொல்லவில்லை.

எஞ்சின் உறுமியது...

கார் துள்ளிப் போய்ச் சுவரில் மோதியது. அவர் நின்ற இடத்தில்.

பிறகு அதுவே அணைந்தது.

எட்டிப் பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. வண்டி முதல் கியரில் கிடந்தது. சாவித்துளை காலி.

வண்டியிலேயே இருக்கிறது என்று நினைத்திருந்த சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

அக்கா அன்று காலையிலேயே கடைக்குப் போனவள். அவர் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை.

மறுநாள், நடந்ததைக் கேட்ட காரின் சொந்தக்காரர், தனக்கு விற்றவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கிறார். பிறகு அத்தானுக்குப் போன் செய்தார்.

"வித்தவருக்கு முன்னாடி வச்சிருந்தவரு இந்த வண்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுங்கித்தான் செத்தாராம். வீட்லயே ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தப்ப."

"கூட யாரு இருந்தா?"

"பொண்டாட்டிகிட்ட பேசிக்கிட்டேதான் வேலை பாத்தாருன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. ஆனா..."

"ஆனா?"

"அந்தம்மா அன்னிக்கு ஊர்லயே இல்லையாம்."